கசகசாவ மொதல்ல வெளிய எடுத்து வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மொதத் தடவையா வெளிநாடு போறவங்களுக்குன்னு போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன். எங்க சுத்திப் பாக்கலாம், எங்க என்ன வாங்கலாம்னு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எங்க பக்கம் பொட்டி கட்டுறப்ப வர்ற சிக்கல் ஒண்ணுகூட அதுல இல்ல, அதான் எழுதுறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி மக பிரசவத்துக்காகத் துபாய் கெளம்புனேன். பிரசவ மருந்து, சீப்புச் சீடை, மணகோலம்னு பலகாரம், அதோட ஒரு கிலோ குருமாப் பொடி. விடிஞ்சா திருச்சில ஃப்ளைட். ராத்திரி பத்து மணிக்கு வளவுல உக்காந்து பொட்டிய எடை போட்டுட்டு இருந்த அண்ணன் மகன், "அயித்தை, இந்தப் பொடில என்னென்ன போட்டீக?"ன்னு கேட்டான். நான் சோம்பு, பட்டை, கசகசான்னு பெருமையாச் சொல்லிக்கிட்டே போக, அவன் தலைல கைய வச்சுட்டான். கசகசா அபின் செடியோட விதையாம், துபாய் இருக்குற ஐக்கிய அரபு எமிரேட்ஸ்லயும் சரி சிங்கப்பூர்லயும் சரி உள்ள கொண்டு போகவே கூடாதாம். அரைச்ச பொடில இருந்து அத மட்டும் பொறுக்கவா முடியும், டப்பாவோட பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் போயிருச்சு.

மாத்திரையும் அப்படித்தான். எடம் அடைக்குதேன்னு அட்டைய உரிச்சு மொத்தத்தையும் ஒரே டப்பால கொட்டி வச்சிருந்தேன், அது என்ன மாத்திரைன்னு அங்க யாரு நம்புவா? அட்டையோட, டாக்டர் சீட்டோட எடுத்துட்டுப் போங்க. கோடீன் கலந்த இருமல் டானிக், டிரமடால் மாதிரி வலி மாத்திரைக்கெல்லாம் எமிரேட்ஸ்ல தனி அனுமதி வேணும். பவர் பேங்க் கைப்பைல, ஊறுகாய் பெரிய பொட்டில. பாஸ்போர்ட்ல ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும்.

"எம் மகனுக்கு ஒரு சின்னப் பார்சல்"னு யாராவது நீட்டுனா கோவிச்சாலும் பரவால்லன்னு பிரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. சிங்கப்பூர்ல 15 கிராமுக்கு மேல ஹெராயின் கடத்துனா தூக்கு. அப்பறம், சிங்கப்பூர், மலேசியா போறவங்க எறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல ஒரு ஃபாரம் போடணும், அது ஃப்ரீதான், காசு கேக்குற வெப்சைட்னா மூடிட்டு வந்துருங்க.

எங்க ஐயா காலத்துல ரஜூலா கப்பல்ல ஏறிக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பண்ணப் போனவங்களுக்கு, எறங்குன எடத்துல கிட்டங்கின்னு நம்மாளுக தங்கித் தொழில் பாக்குற எடம் இருந்துச்சு, சோறும் பாயும் அங்கயே, கூட்டிப் போக நம்மாளு ஒருத்தர் வந்து நிப்பாரு. இப்ப கவுண்டர்ல நாம மட்டும்தான் நிக்கிறோம். அதனால தங்குற அட்ரஸையும் அந்த ஊர் போன் நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதியே வச்சுக்கங்க, செல்லு சார்ஜ் எறங்கிப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?

துபாய்ல கசகசாவுக்குப் பதிலா முந்திரிய அரைச்சு ஊத்திக் குருமா வச்சேன். மாப்பிள்ளை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, வித்தியாசமே தெரியல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை