ஆண்டறிக்கை 2024–25: பிள்ளைகளின் நாடகப் பயிற்சிக்காக நடத்திய மொய் விருந்தும் அதன் கணக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, பிள்ளைகளை நம்பி அனுப்பிவைத்த பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் மன்றம் செய்த பணிகளைப் பற்றிய அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்களும் நூலகமும் வழக்கம்போல் நடந்தன. உறுப்பினர் சந்தாவில் நிலுவை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல். இவற்றை இத்துடன் விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் நம் நேரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்ட ஒரே பணியான பிள்ளைகளின் நாடகப் பயிற்சியையும், அதற்கு நிதி திரட்ட, ஊரை அழைத்து விருந்து வைத்து மொய்ப் பணம் வாங்கும் வழக்கப்படி ஆடி மாதத்தில் நடத்திய மொய் விருந்தையும் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பயிற்சியின் அமைப்பைப் புதிய உறுப்பினர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் 23 பிள்ளைகள் ஞாயிறுதோறும் வருகிறார்கள். தனித்தனியே அழைக்கப்பட்டு, ஒத்திகையின்றி ஒன்றுகூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடக மேடையில் பல்லாண்டு நின்ற ஆறு கலைஞர்கள் அவர்களுக்கு வாத்தியார்களாக இருக்கிறார்கள். ஐந்து பேருக்குத் தலா நான்கு பிள்ளைகள், ஹார்மோனிய வாத்தியாருக்கு மட்டும் மூன்று. பிள்ளைகள் முதல் சில மாதங்கள் குரல், நடை, பாட்டு, பிறர் பேசும்போது மேடையில் நிற்பது எப்படி என்பவற்றைக் கற்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு சிறு காட்சியை எழுத வேண்டும். அதில் பிள்ளை சொல்கிற வேடத்தை வாத்தியார் ஏற்று நடிக்க வேண்டும். கற்பிப்பவர் பாதி நாள் கற்பவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் இந்த ஏற்பாடு, நம் வாத்தியார்களில் சிலருக்குத் தொடக்கத்தில் உவப்பாக இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1918-இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களே நடிக்கும் பாலர் நாடக சபையைத் தொடங்கிய காலத்திலிருந்து, சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, வாத்தியார் சொன்ன பாட்டையும் வசனத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் நெட்டுருப் போட்டுத்தான் நடிகர்கள் ஆனார்கள். நம் புதுக்கோட்டையின் திரைப்பட நடிகர் பி.யு.சின்னப்பாவும் இத்தகைய பாய்ஸ் கம்பெனி வழியாக வந்தவர்தான். அந்த வழியில் வந்தவர்களிடம் பயின்ற மூத்த வாத்தியார் ஒருவர், அடியில்லாமல் பாட்டு ஏறாது என்று செயற்குழுவிலேயே வாதிட்டார். பிள்ளைகள் மீது கை வைக்கக் கூடாது என்ற விதியை நாம் தளர்த்தவில்லை. அவர் இரண்டு ஞாயிறு வராமல் இருந்தார். மூன்றாம் ஞாயிறு வந்தவர் அதைப் பற்றி ஒன்றும் பேசாமல் தாளம் போடச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவருடைய நான்கு பிள்ளைகள்தான் இன்று சுருதி விலகாமல் பாடுகிறார்கள்.

இனி நிதி பற்றி. முந்தைய ஆண்டுகளில் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறியதில் கிடைத்த தொகை வாத்தியார்களின் பேருந்துக் கட்டணத்திற்கே போதவில்லை. இந்த ஆண்டு நாமும் மொய் விருந்து வைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் நம் பொருளாளர். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி, அப்பால் பேராவூரணி என்று இந்த வட்டாரத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபின், போட்ட மொய் திரும்பி வராமல் நொந்தவர்கள் பலர். அடுத்து வந்த கொரோனா ஆண்டுகள் மிச்சமிருந்த நம்பிக்கையையும் குறைத்தன. அந்த நிலையில் ஒரு நாடக மன்றம் இலை போட்டு மொய் வாங்குவதா என்று சிலர் தயங்கினார்கள். தயங்கியவர்களில் நானும் ஒருவன்.

தயக்கத்தின் காரணம் எளிது. மொய் என்பது வட்டியில்லாக் கடன்; செய்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். மன்றம் யார் வீட்டுக்கு எதைத் திருப்பிச் செய்யும்? தணிக்கையாளரும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்: திருப்பித் தருவதாக இருந்தால் அது கடன், நன்கொடைக் கணக்கில் வராது. நீண்ட விவாதத்திற்குப் பின், மொய் நோட்டின் முதல் பக்கத்தில் "இது மன்றத்திற்கு அளிக்கும் நன்கொடை, பணமாகத் திருப்பப்படாது" என்று எழுதிவைப்பதென்றும், பத்துப் பேருக்குக் குறையாமல் மொய் எழுதிய ஒவ்வோர் ஊருக்கும் பிள்ளைகளின் நாடகத்தைக் கொண்டுசென்று கட்டணமில்லாமல் நடத்துவதென்றும் தீர்மானித்தோம். நாடகம் நடத்துவது நம் மன்றத்தின் நோக்கங்களில் ஒன்று என்பதால் தணிக்கையாளரும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

விருந்தில் ஆட்டுக்கறி வேண்டுமா என்பது இன்னொரு விவாதம். செலவைக் குறைக்கச் சைவமாக வைக்கலாம் என்ற திருத்தம் முன்மொழியப்பட்டு, வழிமொழிய ஆளில்லாமல் கைவிடப்பட்டது. கறியில்லாத மொய் விருந்துக்கு இந்தப் பக்கத்தில் யார் வருவார்கள் என்று தலைவர் கேட்டது நியாயமே.

விருந்து நாளன்று 412 பேர் மொய் எழுதினார்கள். மொத்த வரவு ரூ.4,86,250, விருந்துக்கும் மண்டபத்திற்கும் அழைப்பிதழுக்கும் ஆன செலவு ரூ.1,71,900, மீதி ரூ.3,14,350. ஊர், பெயர், தொகை என்று மொய் எழுதும் பழைய முறை நமக்குப் பெரிதும் உதவியது. பெயர் தெரியாத நன்கொடை என்று ஒரு ரூபாய்கூடக் கணக்கில் இல்லை. ஆனால் ஒரு சங்கடம் ஏற்பட்டது. மொய் என்றால் ரொக்கம்தான் என்பது வழக்கம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்படி ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வரிக் கழிவு கிடையாது. இதை அழைப்பிதழிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிடாதது செயலாளராகிய என் தவறு. ரூ.5,000, ரூ.10,000 என்று ரொக்கமாக எழுதிவிட்டுப் பிறகு வரிச் சான்றிதழ் கேட்டவர்களிடம் நான் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். ஒருவர் மட்டும், வரிக் கழிவுக்காகவா மொய் செய்தேன் என்று கோபித்துக்கொண்டு, காபி கொடுத்து அனுப்பினார். அடுத்த முறை காசோலைக்கும் இணையவழிச் செலுத்தலுக்கும் தனி மேசை போடப்படும். அங்கேயே வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணும் (பான்) குறித்துக்கொள்ளப்படும். நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறைக்குத் தர வேண்டிய 10பிடி படிவத்தை மே 31-க்குள் தாக்கல் செய்வதற்காக அவரவர் வீட்டுக்கு அலைந்த அலைச்சல் இன்னொரு முறை வேண்டாம்.

அழைப்பிதழைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்துரை என்று அதில் 41 பெயர்கள் இருந்தன. நடித்த பிள்ளைகளில் ஒருவர் பெயரும் இல்லை. "மாணவ மாணவியரின் கலைநிகழ்ச்சி" என்று அடியில் ஒரு வரி மட்டுமே இருந்தது. மண்டப வாசலில் வைத்த பிளெக்ஸ் பலகையிலும் அதே கதை. அன்று மாலை நான்கு மணிக்கே அரிதாரம் பூசி உட்கார்ந்த பிள்ளைகள், சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்த ஏழரை மணி வரை காத்திருந்தார்கள். ஆடி மாதப் புழுக்கத்தில் பவுடர் கரைந்து சட்டைக் காலரில் இறங்கியது. மூன்று பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். வாழ்த்துரைகள் முடிந்து பிள்ளைகள் மேடையேறியபோது மணி எட்டே முக்கால். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் ஏழு காட்சிகளில் மூன்றை வெட்டினோம். பிள்ளைகளுக்காக என்று சொல்லி ஊரை அழைத்துவிட்டு, அவர்களையே காத்திருக்க வைத்து, அவர்கள் எழுதியதையும் வெட்டினோம். இதை நிர்வாகக் குறைபாடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தொழில்முறை நிகழ்ச்சிகளில் நடிக்கும் குழந்தைகளுக்கே நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது, மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓய்வின்றித் தொடரக் கூடாது என்று விதி இருக்கிறது. அது நமக்குச் சட்டப்படி பொருந்துமா என்று ஆராயாமல், அதையே நம் விதியாக ஏற்றுக்கொள்ளச் செயற்குழு தீர்மானித்துள்ளது. இனி நாடகம் குறித்த நேரத்தில் தொடங்கும். விருந்தினர் எப்போது வந்தாலும் வரிசையில் அமர்ந்து பார்க்கலாம்.

வெட்டாமல் நடந்த நான்கு காட்சிகளில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர், கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஒரு பெரியவரைப் பற்றி எழுதியிருந்தார். அவருடைய வாத்தியார் முப்பது ஆண்டுகளாகப் பபூன் என்னும் கோமாளி வேடம் கட்டியவர். இந்த மாவட்டத்தில் அவர் திரைக்கு வெளியே காலை நீட்டினாலே கூட்டம் சிரிக்கும். ஒத்திகையில் அவர், பேருந்து போனபின் இங்கே ஒரு சிரிப்பு வைக்கலாமா என்று கேட்டார். "வேணாம் தாத்தா, நீங்க சும்மா நின்னா போதும்" என்றாள் பிள்ளை. எவ்வளவு நேரம் என்று அவர் கேட்க, "அடுத்த பஸ் வராதுன்னு தெரியற வரைக்கும்" என்றாள். ஒத்திகையே இல்லாமல், மேடையிலேயே எதிராளியின் வாயைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகிய அந்தக் கலைஞர், சும்மா நிற்பதற்காக நான்கு ஞாயிறு ஒத்திகை பார்த்தார். விருந்தன்று அவர் நின்றார். கூட்டம் பழக்கத்தில் சிரித்துவிட்டது. பிள்ளை திரைக்குப் பின்னால் அழுதது. வாத்தியாருக்கும் முகம் வாடிவிட்டது. இரண்டு வாரம் கழித்துக் கொத்தமங்கலத்தில் அதே காட்சியை நடத்தியபோது, அவர் கூட்டத்திற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்று அவள் மாற்றியிருந்தாள். பபூன் முதுகு காட்டினால் பார்ப்பவர்கள் எழுந்து போவார்கள் என்று வாத்தியார் எச்சரித்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. துண்டை எடுத்து அவர் தோளில் மாற்றிப் போட்ட ஓசைகூட மைக்கில் கேட்டது.

மீதித் தொகையில் 34 ஞாயிறுகளுக்கு வாத்தியார்களின் மதிப்பூதியம், ஒருவருக்கு வகுப்பொன்றுக்கு ரூ.750 வீதம், ரூ.1,53,000, பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமும் சிற்றுண்டியும் ரூ.46,800, ஊர்களில் நாடகம் நடத்திய வகையில் ரூ.62,400, கையிருப்பு ரூ.52,150. ஆண்டில் 52 ஞாயிறு இருக்க 34 மட்டும் ஏன் என்று கேட்கலாம். பங்குனி, சித்திரை, வைகாசியில் கோயில் திருவிழா நாடகங்களுக்கு நம் வாத்தியார்கள் போய்விடுகிறார்கள்; அவர்களுடைய பிழைப்பே அந்த மாதங்களில்தான். இரவு முழுவதும் வள்ளி திருமணத்தில் நின்றுவிட்டு விடியற்காலைப் பேருந்தில் திரும்புகிறவரைப் பத்து மணி வகுப்புக்கு வரச் சொல்ல நமக்கு வாயில்லை. பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது என்பது இத்திட்டத்தின் பெரிய பொருத்தமின்மை. அதற்கு இன்னும் வழி காணவில்லை. மதிப்பூதியத்தை இரண்டு முறை தாமதமாகக் கொடுத்தோம் என்பதையும் பதிவு செய்கிறேன். காசோலையில் கையெழுத்திட வேண்டிய இருவரில் ஒருவர் வெளியூரில் இருந்ததைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. மூன்றாவது ஒருவருக்கும் கையெழுத்து அதிகாரம் தரும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக உள்ளது.

ஒன்பது ஊர்களில் பத்துப் பேருக்குக் குறையாமல் மொய் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் கொத்தமங்கலம் உட்பட ஐந்து ஊர்களில் நாடகம் நடத்தி முடித்துவிட்டோம். மீதமுள்ள நான்கில் வடகாட்டைத்தான் முதலில் முடிக்க வேண்டும். அவ்வூரார் பள்ளி அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமையைக் கேட்டிருக்கிறார்கள். விருந்தன்று வெட்டிய மூன்று காட்சிகளும் அங்கே முதலில் நடக்கும். அதற்கான அறிவிப்புத் தாளில் 23 பிள்ளைகளின் பெயர்களும் வாத்தியார் அறுவரின் பெயர்களும் மட்டும் இருக்கும்; மாதிரித் தாள் மேசையில் உள்ளது.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மொய் நோட்டும் இங்கேயே வைக்கப்பட்டுள்ளது. அன்று கூட்ட நெரிசலில் ஊர்ப் பெயர் மாறியும் முதலெழுத்து விட்டுப்போயும் சில பதிவுகள் இருப்பதால், மொய் எழுதிய உறுப்பினர்கள் தத்தம் பக்கத்தைப் பார்த்துத் திருத்தங்களைச் சொல்லுமாறு வேண்டுகிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்க முன்மொழிகிறேன்.

செயலாளர்