ஒரு வேளை ஊசிக்கு ஆறு வாரக் கட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு,

எலும்பில் சீழ் பிடித்திருந்த என் தந்தைக்கு ஆறு வாரம் செஃப்ட்ரையாக்சோன் என்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) ஊசி தேவைப்பட்டது. நாளுக்கு ஒரே முறை, அரை மணி நேரத்தில் ஏறிவிடும் அந்த மருந்துக்காக, மற்றபடி நன்றாக நடமாடிய அவர் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தார். துணைக்கிருந்த அம்மா வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியர்கள் வீடு தேடி வருகிறார்கள். முதல் சில ஊசிகளை மருத்துவமனையில் போட்டு, ஒவ்வாமை இல்லையென்று தெரிந்தபின், எஞ்சியவற்றை வீட்டிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ செலுத்த அதே ஏற்பாட்டை விரிவுபடுத்தலாம். வாராந்திர ரத்தப் பரிசோதனையும், ஊசிக்குழாய் பொருத்திய இடம் சிவந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் கட்டாயம் வேண்டும். சளிக்கும் ஊசி கேட்பவர்கள் நாம். ஆகவே மருந்தையும் நாள்கணக்கையும் மருத்துவமனை நிபுணரே தீர்மானிக்கட்டும்.

- வாசகர், தருமபுரி