காரைக்குடிக்குக் குடிவர நினைக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டது, சென்னையில் வாடகை கொடுத்து மாளவில்லை, காரைக்குடிப் பக்கமே வந்து ஒரு மனை வாங்கிக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். இதையே இப்போது பலரும் கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். தாராளமாக வா. ஆனால் வாடகைக்கு வா. ஒரு ஐப்பசி கார்த்திகையும் ஒரு சித்திரை வைகாசியும் இங்கே கழியும்வரை அரை சென்ட்டுக்குக்கூட முன்பணம் கொடுக்காதே.

கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் வந்து போகிறவர்கள் பார்க்கும் ஊர் வேறு. வாரக் கடைசியில் அகலமான தெரு, காலைப் பணியாரம், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று சுற்றிவிட்டுப் போனால் யாருக்கும் இங்கேயே இருந்துவிடத் தோன்றும். குடியிருப்பவருக்குக் குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் ஊர்.

முதலில் வருமானம். அதைக் கையோடு கொண்டுவருகிறவர்களுக்குக் காரைக்குடி சுகமான ஊர். வந்துதான் தேட வேண்டும் என்றால் சிரமம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்தார்கள். அழகப்பர் வளர்த்த கல்லூரிகளின் தொடர்ச்சியாக 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம். ஊரின் கௌரவமான சம்பளங்கள் பெரும்பாலும் இந்த வளாகங்களில்தான். மற்றபடி பள்ளி, ஆஸ்பத்திரி, வங்கி, ஜவுளிக்கடை, புதுவயல் அரிசி ஆலைகள், கானாடுகாத்தான் பக்கத்துப் பாரம்பரிய ஓட்டல்கள். கணக்கு படித்த உனக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைக்கும், சென்னைச் சம்பளம் கிடைக்காது. மாப்பிள்ளையின் கம்பெனி நாளைக்கே "வாரம் மூன்று நாள் ஆபீஸுக்கு வா" என்று சொன்னால் என்ன செய்வது என்பதை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 410 கிலோமீட்டரை வாரா வாரம் ஓட முடியாது.

வீட்டிலிருந்து வேலை பார்க்க மின்சாரக் கணக்கும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மாலை ஐந்து வரைகூட ஆகும். இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. நிம்மதியாக எடுக்கக்கூடியது அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1,200. ரூட்டர் 15, லேப்டாப் 60, விளக்கு 10, பழைய ஃபேன் 75 வாட் என்றால் மொத்தம் 160. ஏழரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும், கடைசி அரை மணிக்குப் போதாது. அதே இடத்தில் கரன்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் மொத்தம் 115 ஆகி, பத்து மணி நேரம் தாங்கும். உன் வீட்டில் கரன்ட் இருந்தாலும் தெருமுனையில் கேபிள்காரர் பெட்டியின் பேட்டரி செத்தால் நெட் போய்விடும். அதனால் இரண்டாவது இணைப்பை வேறு கம்பெனியின் மொபைல் டேட்டாவில் வைத்துக்கொள்ளச் சொல்.

மனை விஷயம்தான் பெரிது. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அறிவிப்பு வந்ததுமே புரோக்கர்கள் விலையைத் தூக்கிவிட்டார்கள். மாநகராட்சி என்ற பெயர் ஒரே நாளில் வரும். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை எல்லாம் பல வருஷம் கழித்து வரும்; இடையில் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். வரி மட்டும் முதலில் வந்துவிடும். உன் தெருவில் சாக்கடை இணைப்பு வேலை செய்கிறதா, குழாயை மட்டும் புதைத்து மூடியிருக்கிறார்களா என்று நாலு வீடு தள்ளிப் போய்க் கேள். இல்லையென்றால் செப்டிக் டேங்க்தான். அதற்கும் போர்வெல்லுக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும். சின்ன மனையில் அது நடக்காத காரியம், பக்கத்து வீட்டு டேங்க் உன் போருக்குப் பத்தடியில் இருக்கும்.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. முன்னோர் மழையை நம்பி ஊரணியும் கண்மாயும் வெட்டி, ஒன்று நிறைந்தால் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கு வழியாக அடுத்ததற்குப் போக வரத்துக்கால் விட்டார்கள். கோடையில் பார்த்தால் அந்த வரத்துக்கால் ஆடு மேயும் பள்ளமாகத்தான் தெரியும். அதை மட்டப்படுத்திக் கல் நட்டு, கொடி கட்டி விற்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் பழைய வழியே வந்து வீட்டுக்குள் ஏறும். ஐப்பசி கார்த்திகை பார்த்துவிட்டு வாங்கு என்று சொல்வது இதனால்தான். பலத்த மழை பெய்த மறுநாள் காலையில் மனைக்குப் போய், சுவரில் தண்ணீர் நின்ற கறை எவ்வளவு உயரம் என்று பார். அது முடியாவிட்டால் கிராம வரைபடத்தையும், அந்த சர்வே எண்ணின் அளவைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கி, சர்வே எண்ணின் நாலு பக்கமும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் கண்மாய், ஊரணி, வாய்க்கால், புறம்போக்கு என்ற வார்த்தை ஒன்று வந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

பள்ளமான மனை மலிவாகக் கிடைக்கும். 1,200 சதுர அடியை மூன்றடி தூக்க 3,600 கன அடி மண், அதாவது 36 யூனிட் வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் பன்னிரண்டு நடை. தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்குமே, அதற்கும் சேர்த்துப் பதினைந்து. முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, நனைத்து இடிக்காமல் ஒரேயடியாகக் கொட்டி மூடினால் இரண்டாவது மழையில் தரை இறங்கி டைல்ஸ் வெடிக்கும். இந்தச் செலவைக் கூட்டினால் மேட்டு மனையின் விலை வந்துவிடுகிறது. அஸ்திவார மட்டத்தை இன்றைய ரோட்டிலிருந்து மூன்றடிக்குக் குறைக்காதே; ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு உயரும்.

காகிதங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இரண்டையும் இணையத்தில் நீயே போட்டுப் பார். புரோக்கர் காட்டும் ஜெராக்ஸை நம்பாதே. லேஅவுட்டின் சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டதா என்று கேள். இல்லையென்றால் நாளைக்கு அந்தச் சாலையையே மனையாக விற்பவரும் உண்டு. வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது வருஷத்துக்கு எடு. அதிலும் உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் கிடக்கும் வழக்கு எதுவும் தெரியாது. அதற்கு அசல் மூலப்பத்திரத்தைப் பார்த்து வக்கீலிடம் கருத்து வாங்க வேண்டும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்சத்துக்குள் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பது 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. கட்டும்போது, மனை 2,500 சதுர அடிக்குள்ளும் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும் இருந்தால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கும்.

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டாராம். ஆசை நியாயமானதுதான், வாங்குவது வேறு கதை. முகப்பு, வளவு (முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு என்று ஒரே கூரையாகத் தெரிந்தாலும், வளவைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறையும் ஒரு பங்காளிக்குச் சொந்தமாக இருக்கும். மூன்று தலைமுறையில் பங்கு பிரிந்து பிரிந்து, ஒருவர் மலேசியாவில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில். அத்தனை வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்துக்கு இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்; தவறினால் சிக்கல். ஒரு பங்கை மட்டும் மலிவாக வாங்கினால் மற்றவர்களோடு வழக்காடிக்கொண்டே முடியை நரைக்க வைக்கலாம்.

பராமரிப்பும் சாதாரணமில்லை. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசக் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக உதிரும். முற்றத்துத் தூம்பு அடைத்தால் ஒரே மழையில் வளவு குளமாகும். நாட்டு ஓடுகளை மழைக்கு முன் பிரித்து அடுக்கத் தெரிந்த கொத்தனாரும் இப்போது குறைவு. அந்த அழகு வேண்டுமென்றால் புதுவீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்துக்கொள். கழுவ ஆசிட் மட்டும் ஊற்றாதே. அது சிமென்ட் கல், நிறம் அரித்துப் போகும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வருஷம் போகப் போகப் பளபளப்பு ஏறும்.

அடுத்தது தண்ணீர்; சித்திரை வைகாசியும் கழியட்டும் என்றது இதற்காகத்தான். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிக் காரைக்குடிக்காரர்கள் பேசினால் நிறுத்த மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. உன் தெருவுக்கு அது வருகிறதா, போர்த் தண்ணீர்தானா என்பதே கேள்வி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள். 500-க்குள் இருந்தால் குடிக்கலாம். அதற்குமேல் 2,000 வரை, வேறு தண்ணீரே இல்லையென்றால் மட்டும் ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வெள்ளை வாளியில் இரவு பிடித்து வை. காலையில் மேலே செம்படலம் மிதந்தால் இரும்புச்சத்து, துணியெல்லாம் பழுக்கும். மழைநீரை விடாதே: ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். ஐம்பது மில்லிமீட்டர் கொட்டினால் 4,650 லிட்டர். முதல் அழுக்குத் தண்ணீரைக் கழித்தாலும் நாலாயிரம் தொட்டிக்குள் வரும்.

அத்தை உங்களோடு வருவதால் இதையும் சொல்கிறேன். சாதாரணக் காய்ச்சல், சர்க்கரை, பிரசவத்துக்கெல்லாம் இங்கேயே நல்ல மருத்துவர்கள் உண்டு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, பாதிப்பு தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மதுரைக்கோ திருச்சிக்கோ 90 கிலோமீட்டர் அளவில், ஆம்புலன்ஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து அந்த ஊசி போடும் இடம் ஊருக்குள் எது, மாரடைப்புக்கு அடைப்பு நீக்கும் வசதி இரவிலும் இயங்குவது எங்கே என்று குடிவந்த முதல் வாரமே நேரில் போய் விசாரி. பகலில் இருக்கும் ஸ்பெஷலிஸ்ட் பலர் மதுரையிலிருந்து வந்து போகிறவர்கள்.

ரயிலுக்குக் கவலை இல்லை. பல்லவன் எக்ஸ்பிரஸ் இங்கிருந்தே அதிகாலையில் கிளம்பி மதியத்துக்குள் எழும்பூரில் விடும். ராமேஸ்வரம் வண்டிகளும் இவ்வழியே. முன்பதிவு இப்போது 60 நாள்தான், பொங்கல் தீபாவளிக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும். விமானத்துக்குத் திருச்சி அல்லது மதுரை. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை படிக்க இங்கே குறையில்லை, நீட், ஜே.இ.இ. பயிற்சிக்குத் தேர்வு செய்ய அதிகம் இராது.

வீடு தேடும்போது "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை" என்று தொடங்குவார்கள். சைவமா அசைவமா என்று நேராகவும், சாதியைச் சுற்றிவளைத்தும் கேட்பார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் இல்லையென்று உன்னிடம் மறைக்க முடியாது. பல்கலைக்கழகத்தை ஒட்டிய புதுக் குடியிருப்புகளில் கொஞ்சம் குறைவு. நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய் என்பது எதிர்வீட்டு ஆச்சிக்குத் தெரிந்திருக்கும். உனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பதும் அதே ஆச்சிதான்.

வாடகையை விட ஒத்தி லாபம் என்று சொல்வார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, போகும்போது திரும்ப வாங்குவது. முத்திரைச் செலவு மிச்சம் என்று வெறும் ஒப்பந்தத்தாளில் எழுதினால், வீட்டுக்காரர் ஏற்கெனவே வங்கியில் அடகு வைத்திருந்து கடன் கட்டாமல் போகும்போது உன் பணத்துக்குப் பிடிமானம் இருக்காது. ஒத்தி என்றால் வில்லங்கம் பார்த்துப் பதிவு செய். இல்லையென்றால் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போதும்.

ஆவணி, புரட்டாசியில் வந்தால் மழைக்கு முன் வீடு பார்க்க நேரமிருக்கும், ஆனால் பள்ளி நடுவில் மாற்ற வேண்டிவரும். வைகாசியில் வருவதே வசதி. செக்காலை, கழனிவாசல், சுப்பிரமணியபுரம் பக்கம் கிடைக்கும் வீடுகளின் விவரத்தை அனுப்பு. தெருப் பெயரையும் கதவு எண்ணையும் தவறாமல் எழுது, மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்