கூப்பரைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்கிறாய்

கேரி, வட கரோலைனா
ஜூலை 2025

கண்ணா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அப்பாவும் கேட்டோம். படிப்பை நிறுத்திவிட்டுச் சேரப்போகும் ஸ்டார்ட்அப்பைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கூடைப்பந்து ஆடும் கூப்பர் ஃப்ளாக். “அவன் ஒரே வருஷத்தில் டியூக் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு எங்கள் டாலஸ் அணிக்கு வந்துவிட்டான், யாராவது ஏன் என்று கேட்டார்களா?” என்கிறாய். டாலஸுக்குப் படிக்கப் போனவன் அதற்குள் “எங்கள் டாலஸ்” என்கிறாய், பரவாயில்லை. ஆனால் டியூக் கதையை டர்ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கிற எனக்கே சொல்கிறாய் பார். குளிர்காலம் முழுக்க அந்தப் பையனின் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டு, அப்பா போடும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

யாரும் கேட்கவில்லை என்பது சரி. ஏன் கேட்கவில்லை?

டியூக்குக்காக ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே, போன வருஷம் ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தயாரான அமெரிக்க அணிக்கு எதிராகப் பயிற்சி ஆட்டத்தில் அவனை இறக்கினார்கள். வயது 17. பெரிய நட்சத்திரமான ஆண்டனி டேவிஸ் கையைத் தூக்கித் தடுக்க வந்தார், அவர் தலைக்கு மேலே பந்தைப் போட்டான். இப்போது அதே டேவிஸோடு ஒரே அணியில் ஆடப்போகிறான். அப்புறம் டியூக்கில் ஆட்டத்துக்குச் சராசரி 19 பாயின்ட். ஜனவரியில் நோட்டர்டேமுக்கு எதிராக 42. டியூக் ஆடுகிற ஏ.சி.சி. என்ற கல்லூரி லீக்கில் முதலாண்டு மாணவன் எவனும் அதற்கு முன் அவ்வளவு அடித்ததில்லை. வருஷக் கடைசியில் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரன் விருதும் அவனுக்குத்தான். இதற்கு மேல் இன்னொரு வருஷம் இருந்து அவன் யாருக்கு எதை நிரூபிக்க வேண்டும்?

இன்னொன்றையும் நீ கவனிக்கவில்லை. என்.பி.ஏ. என்கிற தொழில்முறை லீக்கில், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டுக்குள் பள்ளி முடித்த கையோடு யாரும் நுழைய முடியாது. அந்த வருஷத்துக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருஷமாவது கழிந்திருக்க வேண்டும். கூப்பர் பிறந்தது 2006 டிசம்பர் 21. அதனால்தான் பள்ளிப் படிப்பை ஒரு வருஷம் முன்னதாகவே முடித்து 2024-ல் கல்லூரிக்கு வந்தான். 2023-லேயே போட்ட கணக்கு அது. உன்னுடையது போன வாரம் போட்டது.

சம்பளக் கணக்குப் பார்க்கிற வேலை எனக்கு. ஒப்பந்தம் என்று எதைப் பார்த்தாலும், எந்தத் தொகை உறுதி, எது “பார்க்கலாம்” என்றுதான் முதலில் தேடுவேன். டிராஃப்டில் முதல் பெயராக வந்தவனுக்கு நான்கு வருஷத்துக்கு 6 கோடி டாலருக்கு மேல் என்று எல்லாரும் வாயைப் பிளக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு வருஷம்தான் உறுதி. மூன்றாவதும் நான்காவதும் அணி விரும்பினால் மட்டும். கூப்பருக்கே அப்படித்தான். முதல் வருஷமே 1 கோடி 38 லட்சம் டாலர் வருகிறவனுக்கு அது ஒரு கவலையில்லை. கீழே வா. முதல் சுற்றில் 30 பேர், அவர்களுக்கு இந்த ஏற்பாடு உண்டு. இரண்டாம் சுற்றில் இந்த வருஷம் 29 பேர், அவர்களுக்கு விதிப்படி எந்த உறுதியும் கிடையாது. பேரம் பேசி வாங்கினால் உண்டு. பலருக்குக் கிடைப்பது டூ-வே ஒப்பந்தம்: ஒரு கால் என்.பி.ஏ.வில், இன்னொரு கால் அதற்குக் கீழே இருக்கிற ஜி லீக்கில். பெரிய அணியோடு 50 ஆட்டத்துக்கு மேல் இருக்க முடியாது, சம்பளம் அங்கே புதிதாக வருகிறவனுக்குத் தருகிற குறைந்தபட்சத்தில் பாதி.

நீ கூப்பரோடு உன்னை வைத்துப் பேசுகிறாய். உனக்கு வந்திருக்கிற ஆஃபர் இதில் எந்த வகை? பங்கு தருகிறோம் என்கிறார்களாம். சரி, எத்தனை வருஷம் இருந்தால் அந்தப் பங்கு உன் கைக்கு வரும்? கம்பெனி ஆறு மாதத்தில் படுத்துவிட்டால் என்ன? நீ பேசியதில் இது எதுவும் இல்லை.

படிப்பை விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது உன் பாட்டியின் கட்சி. திருச்சிக்கு போன் பண்ணியபோது கூப்பர் கதையைச் சொன்னேன். “பதினெட்டு வயசுல படிப்ப நிறுத்திட்டானா? அவங்க அம்மா எப்படி விட்டா?” என்றார்கள். அவன் அம்மா கெல்லியே மெய்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர் என்றேன். அது அவர்கள் காதில் ஏறவே இல்லை. கூப்பரின் இரட்டைச் சகோதரன் ஏஸ் இப்போது அம்மா படித்த அதே பல்கலைக்கழகத்தில் சேர்கிறான் என்றதும்தான் கொஞ்சம் சமாதானம் ஆனார்கள்.

எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. கல்லூரிப் பையன்கள் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கலாம், சிகாகோவில் கம்பைன் என்கிற சோதனை முகாமுக்குப் போய் ஓடி, குதித்து, எறிந்து காட்டலாம், அணிகள் தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கின்றன என்று விசாரிக்கலாம். பதில் சரியில்லை என்றால் மே மாதக் கடைசிக்குள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய கல்லூரிக்கே போய் ஆடலாம். அதற்கென்று அங்கீகாரம் பெற்ற ஏஜென்டைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2021-லிருந்து கல்லூரியில் இருந்துகொண்டே தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டதால், இரண்டாம் சுற்றில் போகக்கூடியவன் பலமுறை யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறான். யாரும் அவனைக் கோழை என்று சொல்வதில்லை.

உன் பல்கலைக்கழகத்திலும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்து தொடர வழி இருக்கும். எத்தனை பருவம் வரை, உன் உதவித்தொகை அதுவரை நிற்குமா, இதையெல்லாம் ஆலோசகரிடம் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கு. வாயால் சொன்னதை நம்பாதே.

டாலஸ் என்றதும் இன்னொன்று. டிராஃப்டில் யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்று குலுக்கிப் பார்க்கிற லாட்டரியில், முதலிடம் கிடைக்க உங்கள் டாலஸ் மாவரிக்ஸுக்கு இருந்த வாய்ப்பு வெறும் 1.8 சதவீதம். எங்கள் சார்லட் அணிக்கு 14. அப்பா மே மாதம் அன்று இரவு பூஜை அறையில் விளக்கு ஏற்றாத குறைதான். கடைசியில் சார்லட்டுக்கு நான்காவது இடம். ஆனால் அந்த இடத்தில் டியூக்கிலிருந்தே கான் கனிப்பலை எடுத்துவிட்டார்கள். உனக்குக் கூப்பர், எங்களுக்குக் கான். காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா இப்போதே டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

புதியவர்கள் ஆடிப் பழகுகிற வேகாஸ் சம்மர் லீக்கில் கூப்பரின் முதல் ஆட்டம் பார்த்தாயா? லேக்கர்ஸுக்கு எதிராக 21 முறை எறிந்து 5 தான் விழுந்தது. மாவரிக்ஸ் எப்படியோ ஜெயித்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, தன் வாழ்க்கையிலேயே மோசமான ஆட்டங்களில் ஒன்று என்று அவனே சொன்னான். ஒரு நாள் விட்டு ஸ்பர்ஸுக்கு எதிராக 31 அடித்தான், அணி தோற்றது. முதல் ஆட்டத்தன்று அவன் எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டுத் திரும்பியபோதும் எறிவதை நிறுத்தவே இல்லை. அவனுக்கு இரண்டு வருஷச் சம்பளம் உறுதி, அந்தத் தைரியத்தில் எறியலாம் என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏப்ரலில் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் டியூக் 70-67 என்று தோற்றபோது, கடைசி நொடிகளில் பந்தை வாங்கி எறிந்ததும் இவன்தான். அதுவும் விழவில்லை. அன்று அவன் கையில் எந்த ஒப்பந்தமும் கிடையாது.

ஆஃபர் லெட்டரை முழுசாக ஸ்கேன் பண்ணி அனுப்பு, முதல் பக்கத்தை மட்டும் அல்ல. ஆலோசகரின் பதிலையும் சேர்த்து அனுப்பு. இரண்டையும் படித்துவிட்டு, போவது சரி என்று பட்டால் அப்பாவிடம் நானே பேசுகிறேன். பாட்டியிடம் இப்போதைக்கு வாயைத் திறக்காதே. சனிக்கிழமை காலை போன் பண்ணு, கையில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பண்ணு.

அம்மா