ஜாபாவை வளர்த்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு தலையெடுத்த தாதாக்கள் பற்றிய கட்டுரையில், ஜார்ஜியாவின் ஜாபா இயோசெலியானி பகுதியை இரண்டு முறை படித்தேன். லெனின்கிராட் வங்கிக் கொள்ளை, 17 ஆண்டு சிறை, அப்புறம் நாடகப் பேராசிரியர் பதவி, எல்லாம் இருக்கிறது. ஒரு நாடு அவர் பிடிக்குள் எப்படிப் போனது என்பது மட்டும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். ஜாபாவுக்கு இருந்த 'வோர் வி சகோனே' என்ற ரஷ்யப் பட்டத்தைச் 'சட்டபூர்வத் திருடர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் அரசுடையது அல்ல. சிறைத் திருடர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. அரசோடு ஒட்டும் கூடாது, உறவும் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். ஜாபா பெரிய ஆளானதே அதை மீறித்தான்.

1989இல் 'ம்கெட்ரியோனி' (குதிரை வீரர்கள்) என்ற ஆயுதப் படையைத் தொடங்கினார். அதிபர் கம்சகூர்தியா 1991இல் அவரைச் சிறையில் போட்டார். அந்த டிசம்பரில் தலைநகர் திபிலிசியில் வெடித்த சண்டையில் வெளியே வந்துவிட்டார். 1992 ஜனவரியில் அதிபர் தப்பி ஓட, அதிகாரத்தைப் பிடித்த மூவரில் ஜாபாவும் ஒருவர். மார்ச்சில், சோவியத் வெளியுறவு அமைச்சராக இருந்த ஷெவர்த்நாட்சேயை நாட்டுக்குத் தலைமை தாங்க மாஸ்கோவிலிருந்து வரவழைத்தார்கள்.

என் ஆதங்கமே இங்கேதான். பனிப்போரை முடித்து வைத்தவர்களில் ஒருவர் என்று உலகமே கொண்டாடிய ஷெவர்த்நாட்சேக்குச் சொந்தமாகப் படை இல்லை. அதனால் குதிரை வீரர்களைச் சகித்துக்கொண்டார். பெட்ரோல் வியாபாரம் அவர்கள் கைக்குப் போனது. கம்சகூர்தியாவுக்கு ஆதரவான, மேற்கு ஜார்ஜியாவின் சமேக்ரெலோ பகுதியில் ஊர் ஊராகப் புகுந்து சூறையாடினார்கள். அந்த மக்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

வீழ்ச்சியும் தானாக வரவில்லை. 1995 ஆகஸ்ட் 29இல் ஷெவர்த்நாட்சேயைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. சிறு காயங்களோடு தப்பினார். அதற்குள் அவரிடம் போலீசும் உளவுத்துறையும் பலமாகிவிட்டன. பழி குதிரை வீரர்கள் மேல் விழுந்தது. நவம்பரில் ஜாபா கைது; 1998இல் 11 ஆண்டு தண்டனை; 2000இல் மன்னிப்பு; 2003இல் மரணம். ஊர்கள் எரிந்தபோது நீளாத கை, தலைவரின் உயிருக்கே ஆபத்து வந்த பிறகுதான் நீண்டது.

அடுத்த பகுதியில் சமேக்ரெலோ பற்றி அவசியம் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், தஞ்சாவூர்