வேடந்தாங்கலில் படமெடுப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் சென்னையிலிருந்து பலர் கேமராவுடன் வேடந்தாங்கல் வருகிறார்கள். ஏசி காரிலிருந்து எடுத்தவுடன் லென்ஸில் நீராவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்தால் சரியாகிவிடும். மேகமூட்டமான வானத்தில் பறக்கும் நத்தைகுத்தி நாரை கறுத்துப் பதியும், எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டுங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 1600 ஆனாலும் பரவாயில்லை. அதனால் படத்தில் தோன்றும் புள்ளிகளைப் பிறகு கணினியில் குறைக்கலாம், அசைந்த படத்தைத் திருத்த முடியாது.

கைதட்டிப் பறவைகளைக் கிளப்புவதுதான் பெருங்கொடுமை. தாய்ப்பறவை எழுந்த மறுகணம் காகம் முட்டையைக் கொத்திவிடும். இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத ஊர் அது! கைதட்டக் கூடாது என்பதை வனத்துறை நுழைவாயிலிலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்