மான் போட்டோ பற்றி அப்பாவுக்கு

ஓமஹா, நெப்ராஸ்கா
16 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது, அம்மா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பாப்பாவை எழுதச் சொல்லுங்கள்.

நான் வேட்டையாடிய பிராணியின் அந்தப் போட்டோவை அவள் உங்களிடம் காட்டுவாள் என்று நான் நினைக்கவில்லை. போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "காசு குடுத்து மானைக் கொல்றதுக்கா சாமி அவ்வளவு தூரம் போன?" நான் ஏதோ உளறினேன். அதற்குள் லைன் போய்விட்டது. தானாகப் போனதா, நீங்கள் வைத்துவிட்டீர்களா, அதுவும் தெரியவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லி மாளாது. அதனால்தான் பத்து வருஷம் கழித்துப் பேனா எடுத்திருக்கிறேன். கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்தியமங்கலம் காட்டில் முப்பது வருஷம் காவலராக இருந்தவருக்கு மகன் வேட்டைக் கதை எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணி, சுருக்கு, அவுட்டுக்காய், நாட்டுத் துப்பாக்கி என்று நீங்கள் பிடித்துக்கொண்டு வந்ததையெல்லாம் வாசலில் பார்த்து வளர்ந்தவன் நான். கல்யாண வீட்டில் யாரோ மான் கறி என்று தூக்குப்போசியில் கொண்டுவந்து நீட்ட, நீங்கள் பந்தியிலேயே எழுந்து அவர் மேல் கேஸ் போட்டதும் நினைவிருக்கிறது. அம்மா இன்னும் அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஜனவரியில் வெளியே தலை காட்ட முடியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று சொல்லியிருக்கிறேனே, போன வருஷம் அந்தக் குளிரில் ஒருநாள் காபிக்குக் கூப்பிட்டார். சமையலறை மேஜை முழுக்கக் காகிதம், காலண்டர், பழைய நோட்டு ஒன்று. வருமான வரிக் கணக்கு பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேட்டைக் கணக்கு. அக்டோபர் வேட்டைக்கு ஜனவரியில் பென்சிலைச் சீவுகிறார் மனுஷன்.

இங்கே காட்டு மிருகம் நிலத்துக்காரனுக்குச் சொந்தமில்லை. அந்தந்த மாநிலம் மக்கள் சார்பில் பார்த்துக்கொள்கிறது. குட்டி எத்தனை பிழைத்தது, கிடாவுக்கு எத்தனை பெட்டை என்று ஒவ்வொரு வருஷமும் கணக்கெடுத்து, ஒவ்வொரு யூனிட்டிலும் (வேட்டைக்காகப் பிரித்த பகுதி) இத்தனைதான் என்று சீட்டு அச்சடிப்பார்கள். அந்தச் சீட்டுக்குப் பெயர் டேக். ஒரு சீட்டுக்கு ஒரு மிருகம். எந்த இனம், எந்த யூனிட், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எல்லாம் அதிலேயே இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குத்தான் பெரும்பங்கு. வெளி மாநிலத்தாருக்கு ஒதுக்குவது கொஞ்சம், விலையும் பல மடங்கு. நான் இந்த நாட்டுக்கே வெளியூர்க்காரன், நாங்கள் வேட்டைக்குப் போன வயோமிங் மாநிலத்துக்கு இரட்டை வெளியூர்க்காரன்.

சீட்டு குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் குலுக்கல். பல மாநிலங்களில், குலுக்கலில் கிடைக்காதவர்களுக்கு ஆறுதலாக ஒரு பாயிண்ட். வயோமிங்கில் வெளியூர்க்காரர்களுக்கான ஆன்டிலோப் (போட்டோவில் இருக்கும் அந்தப் பிராணி) சீட்டில் நூற்றுக்கு 75 பாயிண்ட் அதிகம் வைத்திருப்பவர்களுக்குப் போகும், மீதி 25 வெறும் அதிர்ஷ்டம். அந்த வருஷம் விண்ணப்பிக்க மனசில்லையென்றால் 31 டாலர் கட்டி பாயிண்ட் மட்டும் வாங்கி வைக்கலாம். தொடர்ந்து இரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு. பழனியில் தர்ம தரிசனம், சிறப்பு தரிசனம் என்று இரண்டு வரிசை இருக்குமே, அதுவும் இங்கே உண்டு. சாதாரண சீட்டு 300 டாலருக்குச் சற்று மேல். 1,200 டாலர் கட்டுகிறவர்களுக்குத் தனி வரிசை, அதில் கூட்டம் கம்மி. பெரியவருக்கு அந்தத் தனி வரிசையைக் கண்டால் ஆகாது. எனக்கும்தான்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கொலராடோவில் அதிக பாயிண்ட் வைத்திருப்பவனுக்கே முதல் இடம், ரேஷன் கடை வரிசை மாதிரி. நெவாடாவில் பாயிண்ட்டை அதே எண்ணால் பெருக்கி, அந்த வருஷ விண்ணப்பத்துக்கு ஒன்று கூட்டிவிடுவார்கள். 10 இருந்தால் குடத்தில் நூற்றொரு சீட்டு. நியூ மெக்சிகோவில் பாயிண்ட்டே கிடையாது, நம் உத்திரமேரூர் குடவோலையேதான். அரிசோனாவில் விண்ணப்பம் போடுவதற்கே முதலில் அந்த ஊர் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும், குலுக்கலில் விழாவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. பெரியவர் நோட்டில் இவை எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி சிவப்பு மையில். வயோமிங்கில் எல்க் என்கிற பெரிய மானுக்கு பிப்ரவரி தொடக்கம், கொலராடோ ஏப்ரல் தொடக்கம், வயோமிங் ஆன்டிலோப் ஜூன் தொடக்கம். அம்மா சீட்டுக் கட்டும் நோட்டு ஞாபகம் வந்தது.

இதில் ஒரு வேதனை உண்டு. அதற்கு 'பாயிண்ட் க்ரீப்' என்று பெயர். போன வருஷம் ஒரு யூனிட்டுக்கு 5 பாயிண்ட் போதும் என்றிருக்கும். நீங்கள் 5 சேர்க்கும்போது அது 6 ஆகியிருக்கும். 6 சேர்த்தால் 7. எல்லோரும் சேர்த்துக்கொண்டேதானே இருக்கிறார்கள்! நீங்கள் ஸ்டாண்டுக்கு நடந்து சேர்வதற்குள் பஸ் ஸ்டாண்டே அடுத்த ஊருக்கு மாறிவிடுகிற கதை.

இதை அவர் விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. என் கிரீன் கார்டு கதையைச் சொன்னேன். எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7. என் வரிசைத் தேதி 2015 ஜனவரி. 2022 செப்டம்பரில் இந்தியர்களுக்கான இ.பி.-2 (வேலை வழியாக கிரீன் கார்டு தரும் ஒரு பிரிவு) வரிசை 2014 டிசம்பர் வரை வந்துவிட்டது. அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லி முடித்தார்கள். அடுத்த மாதம் அறிக்கை வந்தது, வரிசை 2012 ஏப்ரலுக்குப் பின்னால் போயிருந்தது. பெரியவர் நோட்டை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. தனக்குத் தெரிந்து இவ்வளவு மோசமான யூனிட் எதுவும் இல்லை என்றார்.

அப்புறம்தான் வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை, நம்புங்கள். விசாவில் இருப்பவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் இங்கே பொதுச் சட்டம். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் செல்லுபடியாக இருந்தால் விலக்கு உண்டு. அதை இரண்டு இடத்தில் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அதற்கு மேல், வயோமிங்கில் 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். ஓமஹாவில் அந்த வகுப்புக்குப் போனேன். என்னைத் தவிர எல்லோரும் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். துப்பாக்கியில் குண்டு இல்லையென்று தெரிந்தாலும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும் என்பது முதல் பாடம். பரீட்சையில் எனக்குப் பக்கத்தில் இருந்த பையன் என்னைவிட அதிக மார்க்.

என்னிடம் 1 பாயிண்ட், காசு கொடுத்து வாங்கியது. பெரியவரிடம் 7. இரண்டு பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் பாயிண்ட்டைக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். ஏழும் ஒன்றும் எட்டு, ஆளுக்கு 4. அவர் கண் வைத்திருந்த யூனிட்டுக்கு 4 போதும். ஆனால் சீட்டு விழுந்துவிட்டால் இருவருக்கும் பாயிண்ட் பூஜ்யம். தனியாகப் போட்டால் இதைவிட நல்ல யூனிட்டே அவருக்குக் கிடைத்திருக்கும். ஏன் இப்படி என்று கேட்டேன். உங்களுக்கு வலது முட்டி, அவருக்கு இடது. இன்னும் எத்தனை வருஷம் நடக்க முடியும் என்று தெரியவில்லை, சுமக்க ஆள் வேண்டும் என்றார். கொடுக்கல் வாங்கல்தான். இருந்தாலும் ஏழு வருஷம், அப்பா.

ஜூனில் சீட்டு விழுந்தது. அக்டோபர் முதல் வாரம் கிளம்பினோம். 80-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஷையான், லாரமி தாண்டி ராலின்ஸ் பக்கம். மரமே கிடையாது. சாம்பல் பச்சையில் சேஜ் புதர், அதற்கு மேல் காற்று, அவ்வளவுதான். 1862 சட்டத்தில் ரயில் கம்பெனிக்கு நிலம் கொடுத்தபோது ஒரு சதுர மைல் கம்பெனிக்கு, அடுத்தது அரசுக்கு என்று சதுரங்கக் கட்டம் மாதிரி வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அரசுக் கட்டத்தின் மூலையிலிருந்து அடுத்த அரசுக் கட்டத்தின் மூலைக்குக் கால் வைத்தால் அது அத்துமீறலா இல்லையா என்று பெரிய வழக்கே நடந்து, இந்த மார்ச்சில்தான் வேட்டைக்காரர்கள் பக்கம் அப்பீல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் வரப்புத் தகராறு எவ்வளவோ தேவலை. போனில் எல்லைக்கோடு காட்டும் ஆப் இல்லாமல் யாரும் இறங்குவதில்லை.

போட்டோவில் நீங்கள் பார்த்தது மான் இல்லை. சட்டம் பேசித் தப்பிக்கிறான் என்று நினைக்காதீர்கள். எல்லோரும் ஆன்டிலோப் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அதுவும் இல்லை. பிராங்ஹார்ன். உறவு முறை பார்த்தால் ஒட்டகச்சிவிங்கிக்குத்தான் கிட்டம். தூரத்தில் பார்க்கும்போது எனக்கு பவானிசாகர் வெளிமான்தான் தோன்றியது. அதே வெள்ளை வயிறு, வெட்டவெளியில் நின்று அதே மாதிரி பார்ப்பது. கொம்பு மட்டும் முறுக்கு இல்லாமல் முன்பக்கம் ஒரு கவை. கொம்பின் மேலுறையை வருஷா வருஷம் கழற்றிப் போட்டுவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் ஓடுகிற பிராணி, வேலியைத் தாண்டுவது அபூர்வம். அடிக் கம்பிக்குக் கீழே தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கிப் புகுந்துபோகிறது. ஒரு கூட்டமே அப்படி வரிசையாக நுழைந்து போனதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சுட வேண்டும் என்பதே மறந்துவிட்டது. 2022-23 குளிர்காலத்தில் பனி இறுகி மேய்ச்சல் கிடைக்காமல் இந்த மாநிலத்தில் இவை ஏராளமாகச் செத்துப்போயின. மறு வருஷமே சீட்டைக் குறைத்துவிட்டார்கள். அந்த வருஷம் பெரியவர் விண்ணப்பமே போடவில்லையாம்.

பெரியவருக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. எனக்கு மறுநாள் காலை. ஆரஞ்சுத் தொப்பியோடு முட்டி போட்டு நகர்ந்து ஒரு மேட்டுக்குப் பின்னால் படுத்தோம். அதற்கு மேல் அந்த நிமிஷத்தை எழுத வரவில்லை. ஓடவில்லை. நாலடி நடந்து உட்கார்ந்தது.

கிட்டே போனதும் நான் முதலில் பார்த்தது அதன் கால்களை. நீங்கள் பழக்கியதுதானே. குளம்புக்குப் பின்னால் மேலே இரண்டு சின்னக் குளம்பு இருக்கும் என்று தடம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பீர்களே, இதற்கு அது இல்லை. முடி உள்ளே பொள்ளல்; தொட்டால் கையோடு வருகிறது. உடம்பெல்லாம் சேஜ் வாசம். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் நின்றார். அப்புறம் சீட்டை எடு என்றார். வேறு எதற்கும் முன்னால் சீட்டில் அன்றைய மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு விரல் நிற்கவில்லை.

கறியை விட்டுவிட்டு வந்தால் அது தனிக் குற்றம். உரித்து, துண்டு போட்டு, ஐஸ் பெட்டியில் வைக்கப் பகல் முழுக்க ஆனது. இரண்டு பேர் கறியையும் வண்டிக்குச் சுமந்தவன் நான்தான், ஒப்பந்தப்படி. வீட்டுக்கு வந்து மிளகு வறுவல் போட்டோம். பெரியவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். உங்கள் மருமகள் தொடவில்லை.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். சீட்டுக் காசு அந்த மாநில வனவிலங்குத் துறைக்குப் போகிறது. துப்பாக்கி, தோட்டா விற்பதிலும் 1937 சட்டப்படி 10, 11 சதவீதம் வரி பிடித்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் சீட்டுக் காசில்தான் அங்கே உங்களைப் போன்றவர்களின் சம்பளமும் ஜீப்பும் ஓடுகிறது. இதைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திராவிட்டால் பவானிசாகரில் ஒரு வெளிமான் மிஞ்சியிருக்காது என்று நீங்கள் சொல்வதும் சரிதான். அங்கே அது, இங்கே இது. திரும்பப் போவாயா என்றால், போவேன். அக்டோபர் முடிவதற்குள் ஒரு எல்க் பாயிண்ட் 52 டாலருக்கு வாங்கி வைத்துவிட்டேன். எல்க் என்றால் நம் கடமானுக்குப் பெரியப்பா. எத்தனை வருஷம் ஆகுமோ. கிரீன் கார்டு முந்துமா எல்க் முந்துமா என்று பெரியவர் என்னிடம் பத்து டாலர் பந்தயம் கட்டியிருக்கிறார். அவர் எல்க் பக்கம்.

உங்கள் இருவரின் விசா இன்டர்வியூ தேதி வந்ததும் பாப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். வந்தால் பெரியவரைப் பார்க்கலாம். இரண்டு முட்டிகளும் சேர்ந்து நடக்கட்டும். அம்மாவிடம் ஃப்ரீசரில் இருப்பதைப் பற்றிப் பேச வேண்டாம், வருவதற்குள் தீர்த்துவிடுகிறோம்.

சீட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எப்படியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரிபார்ப்பீர்கள். தேதி வெட்டிய இடத்தில் கத்தி சறுக்கி 4-க்கும் 5-க்கும் நடுவில் போயிருக்கிறது. 4-தான், சனிக்கிழமை.

அன்புடன்,
உங்கள் மகன்